பழைய ரிப்பேர்

எதிர்க்கடைக் கூலிங்காரர் ஒரு பழைய ஃப்ரிட்ஜைச் சரிசெய்து விற்றால், அதன் முதுகில் ஓர் அட்டையை ஒட்டித்தான் விற்பார். எந்த வருஷம் கேஸ் நிரப்பியது, எப்போது கம்ப்ரசர் மாற்றியது, கதவு ரப்பர் எத்தனை முறை கிழிந்தது, எல்லாம் அதில் இருக்கும். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். "இவ்வளவு நோயாளியையா என் தலையில கட்டப் பாக்குறீங்க?" என்று ஒருவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். கூலிங்காரர் மனைவி அசரமாட்டாள்.

"கம்ப்ரசர் மாத்தி ஒம்பது வருஷம் ஆச்சு சார். ஒம்பது வருஷமா ஒரு முனகல் கிடையாது. புதுசுன்னா அது எப்பப் படுக்கும்னு எனக்கே தெரியாது. இது படுத்து எழுந்திரிச்சது. நீங்க இதைத்தான் நம்பணும்."

நான் அவர்களுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளி என்பதால் மனு டைப் அடிப்பதும் உண்டு. பதினோரு வருஷமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் பட்டறை, பின்னால் இரண்டு அறை. பட்டறையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். செம்புக் குழாயைப் பற்றவைப்பதும் கேஸ் நிரப்புவதும் அவர் வேலை. கதவு ரப்பர் அவள் வேலை. வெந்நீரில் ரப்பரை ஊறவைத்து, இழுத்து நேராக்கி, மூலை மூலையாக அழுத்திப் பொருத்துவாள். அட்டை எழுதுவது மகள். பதின்மூன்று வயது. 'மீட்டர்' என்றுதான் தெருவே கூப்பிடும். கேட்டால் உள்ளதைக் காட்டும், ஒரு புள்ளி கூட்டாது, குறைக்காது. "அப்பாதான் கதவுல கீறல் போட்டாரு, அதுக்கு விலையைக் குறைச்சுக் கேளுங்க" என்று வாங்க வந்தவரிடமே சொல்லி அப்பனைச் சந்தி சிரிக்க வைத்தவள். அவர் அன்று கோபித்துக்கொள்ளவில்லை. விலையைக் குறைத்தார்.

கூலிங்காரருக்கு முப்பத்தாறு வயது. அவருக்குக் கோபம் வரும் என்பதே எங்களுக்கு அந்த வெயில் காலத்தில்தான் தெரிந்தது.

அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. என் மெஷினில் காகிதம் சுருண்டு சிக்கிக்கொள்ளும். ஊரில் உள்ள பெட்டியெல்லாம் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ரொட்டியையும் அவித்த முட்டையையும் நின்றபடியே தின்றுவிட்டு வேலை பார்த்தார்கள். மெயின் ரோட்டு ஐஸ்கிரீம்காரரின் ஃப்ரீசரை அவர் திங்கட்கிழமை சரிசெய்து கொடுத்தார். புதன்கிழமை உள்ளே இருந்ததெல்லாம் உருகிப்போயிற்று. கடையைக் கூட்டுகிறவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சொருக மறந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஐஸ்கிரீம்காரர் பட்டறைக்கு வந்து குதித்துவிட்டார். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். கேஸ் உருளையை எட்டி உதைத்தார். அது உருண்டு வந்து கூலிங்காரர் மனைவியின் காலருகே நின்றது. அடுத்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கூலிங்காரர் கையில் ஸ்பானர் இருந்தது. ஒரே அடி. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. அவருக்கும் கிடையாது. போலீஸ் வரும்வரை ஐஸ்கிரீம்காரரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் முதல் நாளே, "அடிச்சேன், தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். ஜாமீன் கிடைத்தது. தண்டனை என்ன என்பது மட்டும் பாக்கி.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா தைரியம் சொன்னார். "முதல் தடவை, ஒத்துக்கிட்டாரு, குடும்பம் இருக்கு, தொழில் இருக்கு. ஆறு மாசம் போடுவாங்க, அதையும் நிறுத்தி வச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நன்னடத்தை அதிகாரி ஒருத்தங்க வந்து வீட்டைப் பாத்து ரிப்போர்ட் எழுதுவாங்க. மரியாதையா பேசுங்க, போதும்."

மரியாதையாகப் பேசுங்கள் என்றுதான் சொன்னார். எதைப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. இந்த வீட்டைத் தெரிந்தவர்களாக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மெதுவான குரல். அவருக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தார்கள். கூலிங்காரர் ஒரு பெட்டியின் அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு எதிரில் நடப்பதெல்லாம் கேட்டது.

"இதுக்கு முன்னாடி ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று அதிகாரி கேட்டார். படிவத்தில் இருக்கிற கேள்விதான். இல்லை என்று சொன்னால் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர், "சொல்லிடு. மறைச்சு விக்கிறது நமக்குப் பழக்கமில்ல" என்றார்.

"இருக்கு மேடம். பதினாலு வயசுல. அப்பா போயிட்டாரு, வீட்டுல அடுப்பு எரியல. பெரிய பசங்க ரெண்டு பேர் கூட சேந்து, மூடிக் கிடந்த மில்லுல செம்புக் கம்பி எடுக்கப் போயிருக்காரு. வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடிச்சிருக்காரு. இவரு கையில இருந்த ஸ்பானரை வீசிட்டாரு. வாட்ச்மேனுக்கு மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"பெரியவனுங்க ஓடிட்டானுங்க. இவரு அங்கேயே நின்னுட்டாரு. ரெண்டு வருஷம் சீர்திருத்தப் பள்ளி. அங்கதான் மேடம் இந்த வேலையைக் கத்துக்கிட்டாரு! வெளிய வந்து முதல் மாசமே வாட்ச்மேனைத் தேடிப்போயி கால்ல விழுந்தாரு. 'போடா, போய் வேலையைப் பாரு'ன்னாராம். அன்னைக்குப் பாக்க ஆரம்பிச்ச வேலைதான். இருபது வருஷம். ஒரு சின்னப் புகார் உண்டான்னு தெருவுல கேட்டுப் பாருங்க. இருங்க, பேப்பரே இருக்கு."

தகரப் பெட்டியைத் திறந்து, பள்ளியில் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். 'நன்னடத்தையுடன் முடித்தார்' என்று அதில் இருந்தது. மேலே வழக்கு எண்ணும் குற்றத்தின் பிரிவும் இருந்தன.

"அக்கா, ரெண்டு காப்பி போடுங்க. சீல் நல்லா தெரியணும்."

போட்டுக் கொடுத்தேன். முதல் காப்பியில் சீல் மங்கலாக விழுந்தது என்று மையை ஏற்றி இன்னொன்று போட்டேன். நான் கோர்ட்டுக் காகிதம் பார்த்தே நரைத்தவள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததில் என் புத்தி மழுங்கிவிட்டது. பழுதாகி, சரியாகி, இருபது வருஷம் ஓடியிருக்கிறது. இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப வெளிப்படையாப் பேசுறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து வக்கீலம்மா ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரும்மா உங்களை இதைச் சொல்லச் சொன்னது?"

"எதை மேடம்?"

"பதினாலு வயசுக் கதையை! சின்னப் பசங்க கேஸை கோர்ட்டே சீல் வச்சு மூடிடும். போலீஸ்காரன் நினைச்சாலும் தோண்ட முடியாது, அரசு வக்கீல் தலைகீழா நின்னாலும் எடுக்க முடியாது. ஆனா நீங்களா வாய் திறந்து சொன்னா, அது ரிப்போர்ட்டுல ஏறும். ஏறிடுச்சு. காப்பி வேற இணைச்சிருக்காங்க, பளபளன்னு."

பளபளவென்று போட்டுக் கொடுத்தவள் நான்தானே.

அவள் வெந்நீர் அண்டாவை இறக்கி வைத்தாள். "ஏன் மேடம், அதுல நல்லதுதானே இருக்கு? நல்லபடியா முடிச்சாருன்னு போட்டிருக்கே."

"நீங்க அதைப் படிக்கிறீங்க. அவங்க மேல இருக்கிற பிரிவைப் படிப்பாங்க. அன்னைக்கும் ஸ்பானர், இன்னைக்கும் ஸ்பானர்னு சொல்லுவாங்க. பழக்கம்னு சொல்லுவாங்க."

"மெக்கானிக் கையில ஸ்பானர் இல்லாம பேனாவா மேடம் இருக்கும்?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின் அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, தன்னால் முடிந்ததைப் பார்ப்பதாகச் சொன்னார். கூலிங்காரர் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அன்று வைத்த ஒட்டு நிற்கவில்லை, மறுபடி வைத்தார்.

அந்த வாரம் ஐஸ்கிரீம்காரரும் என் கடைக்கு வந்தார், ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காப்பி எடுக்க. கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. எனக்கு அவரைப் பார்த்ததும் எரிச்சல். ஆனால் மனிதர் வலியில் இருந்தார். காகிதத்தை ஒற்றைக் கையால் எடுத்து வைக்கப் பட்ட பாடு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"என்னக்கா, முறைக்கிறீங்க?"

"முறைக்கல. பிளக்கைச் சொருகிட்டீங்களான்னு பாத்தேன்."

"சரி, அது என் தப்பு. பேசினதும் தப்புதான், பேசியிருக்கக் கூடாது. ஆனா ராத்திரி திரும்பிப் படுக்க முடியாதது நான்தானே? முதல்ல நானும் சமாதானமாப் போயிடலாம்னுதான் இருந்தேன். அரசு வக்கீல் சொல்லி இந்தப் பழைய கதை தெரிஞ்சதும் எனக்குப் பயமாயிடுச்சு. ஒருத்தன் சின்ன வயசுல ஒருத்தர் கையை ஒடிச்சு, பெரியவனாகி இன்னொருத்தர் தோளை ஒடிச்சா, நடுவுல சும்மா இருந்தான்னு எப்படி நம்புறது? மூணாவது ஆள் நீங்களா இருந்தா?"

"நடுவுல இருபது வருஷம் அண்ணே. நான் எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன், பாதியாவது."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலையே."

அவர் பயத்தில் பொய் இல்லை. ஆனால் ஒருவன் பயப்படலாம். நீதிமன்றம் அந்தப் பயத்தைத் தராசுக் கல்லாக எடுத்துப் போடலாமா? இதை அவரிடம் கேட்டு என்ன பயன் என்று காப்பியைக் கொடுத்து அனுப்பினேன்.

தண்டனை சொல்லும் நாளில் வெயில் உடைந்து மழை பிடித்துக்கொண்டது. மகளைப் பள்ளிக்கு அனுப்ப அவள் நினைத்தாள். மீட்டர் கேட்கவில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நீதிமன்ற அறையில் ஈரக் குடைகளின் வாடை.

வக்கீலம்மா முன்பே சொன்னதைத்தான் அரசு வக்கீலும் சொன்னார். அன்றும் ஸ்பானர், இன்றும் ஸ்பானர். "வளர்ந்தும் மாறாத குணம்" என்றார். வக்கீலம்மா எழுந்து, பதினாலு வயதுப் பையனின் மூளை வேறு, முப்பத்தாறு வயது மனிதனின் மூளை வேறு, அந்தக் குற்றத்துக்கு அவன் அன்றே கணக்கை முடித்துவிட்டான், நடுவில் இருக்கிற இருபது வருஷத்தைப் பாருங்கள் என்று கெஞ்சினார். நன்றாகத்தான் பேசினார். நீதிபதி குறித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

நீதிபதி கெட்டவர் இல்லை. வாசிக்கும்போது நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "இந்தக் குற்றம் மட்டும் என்றால் ஆறு மாதம் விதித்து, அதையும் நிறுத்தி வைத்திருப்பேன். ஆனால் குடும்பத்தாரே தெரிவித்துள்ள முன்வரலாறு, வன்முறையில் இறங்கும் போக்கைக் காட்டுகிறது. அதைக் கருத்தில் கொண்டு, பதினெட்டு மாதச் சிறை" என்று வாசித்தார். இருபது வருஷம் என்ற சொல்லை அவர் ஒரு முறைகூட வாசிக்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்த இரண்டு நிமிஷங்களை ஒட்டவைத்து அதற்குக் குணம் என்று பெயர் வைத்துவிட்டு, மீதியைக் குப்பையில் போட்டார்கள். படித்தவர்கள், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள், யாருக்கும் கூச்சமில்லை.

அவள் எழுந்துவிட்டாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். ஆறு மாசம் இவருக்கு. அடிச்சாரு, சரி, இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்ப வேணாம், உள்ளேயே வைங்க. மீதி ஒரு வருஷம் யாருக்குங்கய்யா? அந்தப் பதினாலு வயசுப் பையனுக்குத்தானே? அவன்தான் அன்னைக்கே ரெண்டு வருஷம் இருந்துட்டானே! அவனை எத்தனை தடவை உள்ள போடுவீங்க?"

"அம்மா, உட்காருங்க. தீர்ப்பு சொல்லியாச்சு."

"நான் சொல்லலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுய்யா. நான்தானே சொன்னேன். நான் சொன்னதுக்கு என்னைப் போடுங்க."

நீதிபதி அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். ஐஸ்கிரீம்காரர் பின்வரிசையில் இருந்தார். எங்கள் பக்கம் பார்க்காமல், குடையை மறந்து வைத்துவிட்டு, மழையிலேயே இறங்கிப் போனார்.

கூலிங்காரரை அழைத்துப் போகும்போது வராந்தாவில் ஒரு நிமிஷம் நிற்க விட்டார்கள். அவள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என் வாயால கெடுத்தேனே, என் வாயால கெடுத்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தானே சொல்லச் சொன்னேன். விடு" என்றார். பின் வழக்கமான குரலில், "மூலைல நிக்குதே பேக்கரிப் பெட்டி, அதுக்கு யாராவது கேஸ் நிரப்பறேன்னு வந்தா விடாதே. உள்ள கூலிங் காயில் குழாய்ல ஓட்டை இருக்கு. போட்டாலும் நிக்காது. பேக்கரிக்காரர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு" என்றார். மகளின் தலையில் கையை வைத்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. காவலர் அவர் முழங்கையைத் தொட்டார்.

அடுத்த நாள் வழக்கம்போலப் பட்டறை திறந்தது. ரப்பர் வேலை மட்டும் நடந்தது. மனைவி பேக்கரிக்காரரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியத்தில் நான் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கொடுத்தால், பாதியைத் தின்பாள், பாதியை மூடி வைப்பாள். மேல்முறையீட்டுக்கு டைப் அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, வாங்குகிற முகமா எனக்கு? தேதி வர நாலு மாதம் ஆகும் என்றார் வக்கீலம்மா.

மீட்டர் பள்ளிக்குப் போய் வந்தாள். தெருவில் யாராவது, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டால், "தெரியாது" என்பாள். அவளுக்கு நாள் கணக்கே தெரியும்.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது, உடனே வரச் சொல்லி. அவள் அம்மா ரப்பரை அப்படியே அண்டாவில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

தலைமையாசிரியை அறையில் மேஜைமேல் ஒரு மைக்ராஸ்கோப் இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகள், ஒரு காகிதத்தில் கூட்டி வைத்திருந்தார்கள். மீட்டர் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"லேப்ல இவ மட்டும்தான் இருந்திருக்கா" என்றார் தலைமையாசிரியை. நல்ல மனுஷி, குரலில் கோபம் இல்லை. "அதுக்கு முன்னாடி யாரோ உங்க வீட்டு விஷயத்தைப் பத்திக் கிண்டல் பண்ணியிருக்காங்க. அந்தக் கோபத்துல தள்ளி விட்டிருப்பான்னு நினைக்கிறேன். கேட்டா இல்லைங்கிறா. இந்தப் பொண்ணு இல்லைன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அதுதான் எனக்கு வருத்தம்."

"நான் இல்ல" என்றாள் மீட்டர். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் மகளிடம் போனாள். பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து முன்னால் கொண்டு வந்தாள். வலது உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறல், இரத்தம் உலராமல் இருந்தது. நானும் பார்த்தேன். தலைமையாசிரியைக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும்.

அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கையைத் திருப்பிக் காட்டி, "இவதான் மேடம், விலையைச் சொல்லுங்க" என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஒத்துக்கச் சொல்லுங்கம்மா, அவ்வளவுதான்" என்றார் தலைமையாசிரியை. "தண்டனையெல்லாம் ஒண்ணும் கிடையாது. சின்னப் பொண்ணு. ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு விட்டுடுவோம்."

"எழுதுவீங்களா?"

"சும்மா ஒரு ரெக்கார்டுக்குத்தான்."

அவள் மகளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கீறல் தெரியாமல் மூடினாள். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவ அதைத் தொடவே இல்ல மேடம்" என்றாள்.